சிவப்பு முன்னால், கருப்பு பின்னால்

அந்த மூன்று அடுக்கு கேக் ஓட்டல் வாசலில் வைத்துச் சாய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஓட்டல்காரர்கள் தலையில் பழியைப் போட்டிருப்பேன். அது சாய்ந்தது ஓட்டலுக்கு முந்தைய ரவுண்டானாவில், என் கணவருடைய வண்டிக்குள், என் கண்ணெதிரே. பழியைப் போட ஒரே ஒரு தலைதான் இருந்தது. அந்தத் தலை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று என்னையே கேட்டது.

நான் கேக் செய்கிறவள். வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் நீளமான அறைதான் என் தொழிற்கூடம். இரண்டு ஓவன், ஆள் உயர ஃப்ரிட்ஜ் ஒன்று, எஃகு மேசை ஒன்று, அதைத் தாண்டி ஒருவர் மட்டும் ஒருக்களித்து நடக்க இடம். பிறந்தநாள் கேக், அலுவலக கேக் என்று சில்லறையாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரம் அந்த ஓட்டல் வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்காரப் பார்த்தது. சின்ன கேக்குகளை மடியில் வைத்துக்கொண்டே போய்க் கொடுத்துவிடுவேன். பெரிய கேக்கை மடியில் வைக்க முடியாது. தனித்தனி அடுக்காகக் கொண்டுபோய் அங்கே அடுக்கலாம் என்றால் அவர்கள் சமையலறையில் ஒரு மேசை ஓரம்கூடத் தர மாட்டார்கள். முழுதாக வர வேண்டும், நேராகக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பார்வை சோதிப்பதும் அவரே. நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருந்துதா?" என்று கேட்கிற வேலை. அந்தக் கேள்வி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்புப் போட்டால் கேட்பார், திரைச்சீலை மாற்றினால் கேட்பார். ஒருமுறை தலைவலி மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொன்ன விதத்தில் அவருக்கும் தலைவலி வந்தது.

மற்றபடி தங்கமான மனிதர். ஒரே ஒரு கோளாறு, அந்த வண்டி. நான்கு கதவு வைத்த செடான்தான், ஆனால் ஒரு காலத்தில் பந்தயத்துக்கும் ஓடிய ரகமாம். அதை அவர் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. எடை குறையட்டும் என்று வாங்கிய வருடமே பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார். எந்தப் பந்தயத்துக்கும் போனதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு சிக்னலில் எடை குறைந்து என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்காத நாள் இல்லை. பின்னால் அந்த இடத்தில் ஒரு பலகையை மட்டம் பார்த்துப் போட்டால் கேக் வைக்க வசதியாக இருக்கும் என்று தெரிந்த பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பலகையில்தான் கேக் நின்றது. ரவுண்டானாவில் அவர் ஒன்றும் வேகமாகப் போகவில்லை, பொய் சொல்லக் கூடாது. வண்டி திரும்பியது, திரும்பி நேராகவும் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு தடவை திரும்பியது. கேக்கின் மேல் இரண்டு அடுக்கும் அதோடு போய் இடதுபக்கம் நகர்ந்து, கதவுக் கண்ணாடியில் க்ரீமைப் பூசிக்கொண்டு நின்றன.

ஓட்டலின் விருந்து மேலாளர் ஓர் அம்மா. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கேக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார், நல்ல பக்கத்தைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார், அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார். அடுத்த மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் விழாவுக்கு நான்கு அடுக்கு கேக் வேண்டும். அதை ஒழுங்காகக் கொண்டுவந்தால் வாரா வாரம் ஆர்டர் உண்டு. அதுவும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த அமைதிதான் என்னைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து வண்டியின் கண்ணாடியில் இருந்த க்ரீமை அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது என் தீர்ப்பைச் சொன்னேன். இந்த வண்டியை விற்றுவிட்டு ஒரு வேன் வாங்குவோம். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. இந்த ஒரு கேக்குக்கு மட்டும் தவணை கொடு, மச்சானிடம் காட்டிச் சரிசெய்கிறேன், அப்படியும் சாய்ந்தால் விற்றுவிடலாம் என்றார். ஏதாவது வாதாடுவார், நானும் நாலு கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் பாட்டுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மச்சான் என்றால் என் அண்ணன். வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். ஆனாலும் எனக்கும் என் கணவருக்கும் நடுவில் எந்த வழக்கிலும் கருத்துச் சொல்வதில்லை என்று எங்கள் கல்யாணத்தன்றே சபதம் எடுத்துவிட்டான். வண்டியைத் தூக்கி அடியில் போய், ஒரு கடப்பாரையை எங்கோ கொடுத்து நெம்பி, சந்தோஷமாகச் சிரித்தான். அவனுக்கு அடுத்தவர் வண்டியில் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அப்படி ஓர் ஆனந்தம்.

புஷ் போய்விட்டது என்றான். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கவும் செய்தான். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கைகள் இருக்கின்றன. இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ஒவ்வொரு மூட்டிலும் ரப்பரால் ஆன ஒரு புஷ் இருக்கும். முட்டியில் ஜவ்வு இருப்பது போல. இந்த வண்டிக்கு எல்லா மூட்டிலும் ஜவ்வு தேய்ந்து, முன்னால் ஸ்டீயரிங் சொல்வது பின்னால் போய்ச் சேர நேரம் ஆகிறது. வண்டி இரண்டு தவணையாகத் திரும்பியதற்குக் காரணம் அதுதான்.

மேசை மேல் ஒரு பழைய துண்டை விரித்து மூன்று விதமான புஷ்களை வரிசையாக வைத்தான். கருப்பு, ரப்பர், வண்டி பிறக்கும்போது இருந்த மாதிரியே. மஞ்சள், யூரித்தேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக், ரப்பரைவிட ஒரு பிடி கெட்டி. சிவப்பு, அதுவும் யூரித்தேன்தான், பந்தயக்காரர்கள் போடுவது, கல். சிவப்பு மட்டும் அண்ணன் கடைச் சரக்கு இல்லை. என் கணவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டியில் கொண்டுவந்தது. பல வருடங்களாக அலமாரியில், என்றாவது போடலாம் என்று வைத்திருந்ததாம். அந்தப் பெட்டியில் நல்ல ஷூ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு போட்டால் எப்படி இருக்கும் என்று அண்ணனைக் கேட்டேன். ரோட்டில் கிடக்கிற காசு மேல் ஏறினால் பூவா தலையா என்று சீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம் என்றான். அப்படியென்றால் ரப்பர்தான் என்று நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"எல்லா இடத்துலயும் ரப்பரே போட்டுடுங்க மச்சான். மெத்துன்னு போகட்டும்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மாப்பிள்ளை, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

கேக் தானே முக்கியம் என்று சொல்லிவிட்டு அவர் சிவப்பு புஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து, பெட்டிக்குள் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எனக்குப் பிடிக்காத விஷயங்களில் முதல் இடம் தியாகத்துக்குத்தான். இன்றைக்கு எனக்காக விட்டுக்கொடுப்பார், அப்புறம் ஆயுள் முழுக்க நான் அந்தச் சிவப்புப் பெட்டியை அலமாரியில் பார்த்துக்கொண்டே புடவை எடுக்க வேண்டும்.

கோபத்தில் கையில் அகப்பட்ட கருப்பு புஷ்ஷை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்திப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கேக் வெந்ததா என்று நான் குச்சி குத்திப் பார்ப்பதில்லை, விரலால் அழுத்தினால் போதும். ரப்பர் அமுங்கி மெதுவாக எழுந்தது. மஞ்சள் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சிவப்பு என் விரலை மதிக்கவே இல்லை.

அப்போதுதான் செல்போனில் இருந்த படம் ஞாபகம் வந்தது. ஓட்டல் வாசலில், சாட்சி வேண்டும் என்று ஆத்திரத்தோடு எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் அடுக்கில் ஒரு விரிசல் இல்லை, விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. சர்க்கரைப் பூக்களில் ஓர் இதழ் உதிரவில்லை. குலுங்கின கேக் இப்படி இருக்காது. குலுங்கினால் அடி அடுக்கு பிதுங்கும், பூ முதலில் கொட்டும். இது குலுங்கவே இல்லை, பக்கவாட்டில் தள்ளப்பட்டிருக்கிறது. மெத்தென்று இருந்ததுதான் கேக்கைக் கவிழ்த்திருக்கிறது. புது ரப்பர் போட்டாலும் அந்த மெத்து மெத்துதான்.

"மெத்து எல்லாம் வேண்டாம், சிவப்பையே போடுண்ணே. எல்லா இடத்துலயும்."

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். வருடக்கணக்கில் சிவப்பு வேண்டும் என்று கனவு கண்டவர் ரப்பருக்காக வாதாடுகிறார். வண்டியையே விற்க வேண்டும் என்று சொன்னவள் பந்தய புஷ்ஷுக்காகச் சண்டை போடுகிறாள். கேக் குலுங்கும் என்கிறார் அவர். கேக்கைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்கிறேன் நான். அண்ணனிடம் தீர்ப்புக் கேட்டோம். அவன் சபதத்தை ஞாபகப்படுத்திவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்தேன் என்று சொல்வதற்கு இன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சிவப்பை எல்லா மூட்டிலும் போட்டு முடிக்க அண்ணனுக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. பழைய ரப்பர்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றன. மூன்றாம் நாள் சோதனைக்கு ஒரு போலி கேக் செய்தேன். மலிவான மாவு, நேற்றைய க்ரீம், ஆனால் எடையும் உயரமும் அசலைப் போல, மேலே சர்க்கரை ரோஜாக்கள் உட்பட. பலகையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கீழேயிருந்து கீச் கீச் என்று யாரோ பழைய கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். நடந்துபோனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் பால்கனிக்கே வந்துவிட்டார். என் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்து ஓட்டினார்.

ரவுண்டானாவில் கேக் ஒரு நூல்கூட நகரவில்லை. வண்டி ஒரே தவணையில் திரும்பியது. நான் அவரை வெற்றியோடு பார்த்த அதே நேரத்தில் பின்னால் டொக் என்று ஒரு சத்தம். முதல் ரோஜா உதிர்ந்தது. ரோட்டில் தார் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோஜா என்று வீடு வருவதற்குள் தோட்டமே காலி. கீழ் அடுக்கில் ஒரு விரிசல் வேறு.

"இது நல்லா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருந்துதா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகவே அவரை அன்றைக்கு மன்னித்தேன்.

சத்தத்துக்குக் காரணம் பட்டறையில் தெரிந்தது. யூரித்தேன் புஷ்ஷுக்கு உள்ளே ஒருவித கெட்டி கிரீஸ் தடவ வேண்டும், தடவாவிட்டால் கத்தும். அண்ணன் வாங்கித் தாராளமாகத் தடவி மேசையில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். உதவி செய்கிறேன் என்று அங்கே நின்றிருந்த என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? பிசுபிசு என்று இருக்கிறதே, தூசி ஒட்டிக்கொள்ளுமே என்று அத்தனையையும் அந்தக் கண்ணாடித் துணியால் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டார். விரல் ரேகை பட்டாலே குற்றம் என்கிற தொழில். உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான் என்றான் அண்ணன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டுமே என்று ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கிரீஸ் சத்தத்துக்கு மருந்து, சரி. ரோஜாவுக்கு என்ன மருந்து? என் கணவர் மறுபடி ரப்பர் என்றார், இந்த முறை சத்தமே இல்லாமல். விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. ரப்பர் போட்டால் நகரும், சிவப்பு போட்டால் உதிரும், நடுவில் மஞ்சளைப் போட்டால் கொஞ்சம் நகர்ந்து கொஞ்சம் உதிரும். வேன் விளம்பரங்களைச் செல்போனில் பார்க்க ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

மறுநாள் காலை வேறொரு சின்ன கேக்குக்கு இரண்டு அடுக்கை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆயிரம் தடவை செய்த வேலை. கீழ் அடுக்குக்குள் நான்கு மரக் குச்சிகளைச் செருகி, கேக்கின் உயரத்துக்கு வெட்டி, அதன்மேல் அட்டை வைத்து மேல் அடுக்கை ஏற்றுவேன். பாரம் குச்சிகளில் நிற்கும். கேக் பாட்டுக்கு மெத்தென்று கேக்காக இருக்கும். எல்லாமே குச்சியாக இருந்தால் தின்ன முடியாது, எல்லாமே கேக்காக இருந்தால் நிற்காது. இதைத்தானே வருடக்கணக்காகச் செய்கிறேன், வண்டி என்றதும் ஏன் எல்லாவற்றிலும் ஒன்றையே போடச் சொன்னேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. கையில் இருந்த க்ரீமோடு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

எந்தெந்த மூட்டு வண்டியைச் சாயாமல், விலகாமல் பிடிக்கிறது என்று கேட்டேன். முன்பக்கக் கீழ்க் கைகள், அப்புறம் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கிற குறுக்குக் கம்பி என்றான். கேக்குக்குக் கீழே ரோட்டின் அடியை வாங்குவது எது என்று கேட்டேன். பின்பக்கக் கைகள் என்றான். அது பல பக்கமும் முறுக்கிக்கொடுக்க வேண்டிய மூட்டு, அங்கே கல் மாதிரி போட்டதே தப்பு என்றும் சேர்த்துக்கொண்டான். அப்படியென்றால் பிடிக்கிற இடத்தில் சிவப்பு, வாங்கிக்கொள்கிற இடத்தில் கருப்பு, சரிதானே என்றேன். அண்ணன் அசடு வழியச் சிரித்தான்.

"இதை அன்னைக்கே சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. சபதத்தை நெனச்சு முழுங்கிட்டேன்."

அந்தச் சபதத்துக்காக அவனைத் திட்டிய திட்டில் க்ரீம் உருகிவிட்டது.

கழற்றி மாட்டும் வேலை மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை என் கணவருடைய கண்ணாடித் துணியை நான் வாங்கி என் கைப்பையில் பூட்டி வைத்துக்கொண்டேன். கிரீஸ் தடவியது தடவியபடி உள்ளே போனது. பின்பக்க ரப்பர் புஷ்களுக்கு அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். வண்டி அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எந்தப் பாரத்தோடு ஓடப்போகிறதோ அந்தப் பாரத்தோடு தரையில் நிற்க வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

அதனால் கேக்கின் எடைக்கு மாவு மூட்டைகளைப் பலகையில் ஏற்றினோம். முன்சீட்டில் நான், ஸ்டீயரிங்கில் அவர். சக்கரங்களைச் சரிவுப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தி, அண்ணன் ஸ்பேனரோடு அடியில் நுழைந்தான். யாரும் அசையக் கூடாது என்று கீழேயிருந்து உத்தரவு. நின்ற வண்டிக்குள், எங்கேயும் போகாமல், பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியாக இப்படி இருவரும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. உன் எடையையும் சேர்த்துத்தான் இந்த வண்டி இனிமேல் நிற்கும் என்றார் அவர். அசையக் கூடாது என்ற உத்தரவையும் மீறி நான் சீட்டில் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தேன்.

இரண்டாவது போலி கேக் செய்ய நேரம் இல்லை. விழா மறுநாள்.

நான்கு அடுக்கு கேக்கை அவரும் நானும் அடிப்பலகையோடு தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வைத்தோம். கூரைக்கும் மேல் அடுக்குக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம். கைக்குட்டை எடுக்கலாம் என்று டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். எப்போதும் திறந்தால் மடியில் கொட்டும் பெட்டி அது. கையுறை, டார்ச், காற்று அளக்கிற மீட்டர், பழைய மிட்டாய், எல்லாம் இருக்கும். அன்றைக்குத் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. எங்கே எல்லாம் என்று கேட்டேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார். "ஒருவேளை விக்கிற மாதிரி ஆயிட்டா, கடைசி நேரத்துல தேடிக்கிட்டு இருக்க வேண்டாமேன்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேக்குக்காக ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தவள், அந்த நிமிடத்திலிருந்து வண்டிக்காகப் பயந்தேன். அவர் பார்த்துவிடக் கூடாது என்று திரும்பி கேக்கைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

தார் ஒட்டுகள் வந்தன. எண்ணி எண்ணிப் பழகிய ஒட்டுகள். சத்தம் இல்லை, டொக் இல்லை. ரோஜாக்கள் லேசாகத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தன. வண்டிக்கு நடுவில் ஒரு குச்சி செருகியது போல இருந்தது. அவர் முட்டை மேல் நடக்கிற மாதிரி ஓட்டினார்.

ரவுண்டானாவுக்குள் பாதி வந்திருப்போம். இடதுபக்கத் தெருவிலிருந்து பால் வண்டி ஒன்று யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தது. பிரேக் அடித்தால் கேக் முன்னால் வந்து எங்கள் முதுகில் உட்காரும். அவர் பிரேக் அடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஓர் ஒடி, உடனே இடதுபக்கம் ஓர் ஒடி. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. போனது, திரும்பியது, முடிந்தது. பின்பக்கம் தனியாக எதுவும் செய்யவில்லை. பால் வண்டிக்காரர் எங்களைத் திட்டிவிட்டு வேறு பக்கம் போனார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள் என்றேன். ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நீ பார் என்றார். கடைசியில் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நான்கு அடுக்கும் நின்றன, எதுவுமே நடக்காத மாதிரி.

விருந்து மேலாளர் அம்மா வாசலுக்கே வந்திருந்தார். கேக்கைக் கூடத்தில் வைத்ததும் சுற்றி ஒரு முறை நடந்தார். இன்னொரு முறை நடந்தார். எந்தப் பக்கத்தையும் மறைத்துத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை. வாரா வாரம் என்று அன்று சொன்னதை மறுபடி சொன்னார், அடுத்த வாரத்துக்கு என்ன வேண்டும் என்றும் சொன்னார். பிறகு வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்து, இனிமேல் வேன் ஏற்பாடு செய்வீர்களா என்று கேட்டார்.

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் அந்த அம்மாவிடம், எந்த வேனும் இவ்வளவு நிதானமாக வராது, இந்த வண்டியை எங்கள் கேக்குக்கென்றே அளவெடுத்து இறுக்கியிருக்கிறோம் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

திரும்பும்போதும் அவர் முட்டை மேல்தான் ஓட்டினார். பின்னால் வெறும் பலகை. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ரவுண்டானா தெரிந்தது, ஒரு வண்டிகூட இல்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"கேக்கை இறக்கியாச்சுங்க," என்றேன். "இப்ப ஓட்டுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சீட்டு பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அப்புறம் அந்தப் பழைய வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு ரவுண்டானாவைப் பிடித்துக்கொண்டு சுற்றியது பாருங்கள்! வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைக்கக்கூட நேரம் இல்லை.

ஒரு முழுச் சுற்று முடிந்து வீட்டுக்குப் பிரிகிற ரோடு வந்ததும் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இது நல்லா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருந்துதா?"

"சரியாத் தெரியலையே," என்றேன். "இன்னொரு தடவை காட்டுங்க, சொல்றேன்."

வீட்டுக்குப் போகிற ரோட்டை விட்டுவிட்டு அவர் மறுபடி ரவுண்டானாவுக்குள் திருப்பினார்.